பதினொரு விநாடிக்கான வெளியீட்டுக் குறிப்பு

0.1

இந்தக் கதை எனக்கு ஒரு வரிசையில் நிற்கும்போது கிடைத்தது. அடையாள அட்டைக்குப் படம் பிடிக்கிற அலுவலகம். எனக்கு முன்னால் முப்பது பேர். கையில் இருந்த கைப்பேசியில் ஏதோ ஒரு செயலி தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, பெருமையாக ஒரு வரி காட்டியது: "சில பிழைகள் நீக்கப்பட்டன. சில வசதிகள் மேம்படுத்தப்பட்டன." வேறு வேலை இல்லாததால் மூன்று முறை படித்தேன். எந்தப் பிழை? எந்த வசதி? யாருக்கு வசதி? வீட்டுக்குள் யாரோ வந்துபோய், "சில பொருள்கள் இடம் மாற்றப்பட்டன" என்று சீட்டு எழுதி வைத்த மாதிரி இருந்தது.

அப்புறம்தான் தோன்றியது: இந்த வரியையும் ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியிருப்பார் அல்லவா? அவருக்கும் வீடு, மனைவி, மச்சினன் எல்லாம் இருக்குமே?

மென்பொருளில் எனக்கு அ, ஆ தெரியாது. அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரைக் கேட்டேன். "ரிலீஸ் நோட்ஸா? அதை எழுதறதுக்குன்னு யாரும் பொறந்து வர்றதில்ல சார். மீட்டிங்குக்கு யாரு லேட்டா வர்றாங்களோ, அவங்க தலையில கட்டிடுவோம்" என்றார். அந்த நிமிடமே என் கதாநாயகன் மீட்டிங்குக்குத் தாமதமாக வந்து சேர்ந்துவிட்டான்.

0.2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

கணினித் திரையின் நீல ஒளி முகத்தில் படர, தனிமையின் பேரமைதியில் அவன் [விட்டுவிட்டேன். அவன் எங்கே தனிமையில் இருக்கிறான்? எட்டு மேசை போட்ட அறையில் ஒன்பதாவது ஆளாக உட்கார்ந்திருக்கிறான். பக்கத்து நாற்காலி கிறீச்சிடுகிற சத்தத்தில் பேரமைதியாவது, ஒன்றாவது.]

பிறகு இப்படி:

தவறு என்பது என்ன? மனிதகுல வரலாற்றை நோக்கினால் [இதையும் விட்டேன். இது கட்டுரைக்குப் போகிற பஸ். நாம் ஏற வேண்டியது வேறு.]

சரி, நேராகவே சொல்கிறேன். அவனுக்கு வயது முப்பத்தெட்டு. அலுவலகத்தில் அவன் பெயர் கமா. யார் எதை எழுதிக் காட்டினாலும் முதலில் ஒரு கமா போட்டுவிட்டுத்தான் படிப்பான் என்பதால் வந்த பெயர். ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்த நிறுவனம். விளையாட்டு அரங்குகளின் சுவரில் தொங்குமே, அணிகளின் பெயர், புள்ளி, ஓடுகிற கடிகாரம் எல்லாவற்றையும் சிவப்பு விளக்கில் காட்டும் ஸ்கோர் போர்டு, அதை ஆட்டிவைக்கும் மென்பொருள் அவர்களுடையது. அரங்கின் ஓரத்தில் ஒருவர் மேசை போட்டு, கணினியோடு உட்கார்ந்திருப்பார். அவர் இங்கே தட்டினால் அங்கே சுவரில் எண் மாறும். சொல்லும்போது சின்ன வேலைதான். ஆனால் ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்க்கிற இடம் அது.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாகும். 3.9, 4.0, 4.1 என்று எண் ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொன்றோடும் ஒரு வெளியீட்டுக் குறிப்பு போக வேண்டும்: இந்தப் பதிப்பில் என்ன புதிது, என்ன மாறியது, எது சரியானது, எதை எடுத்துவிட்டோம். நிரல் எழுதுகிறவர்கள் ஆளுக்கு ஒரு வரி அனுப்புவார்கள். அவர்கள் அனுப்பும் அழகைப் பார்க்க வேண்டுமே! "ஒரு வழியா முடிஞ்சது." "மறுபடியும் அதே." "இதை இனிமே யாரும் தொடாதீங்க, ப்ளீஸ்." கமா இவற்றையெல்லாம் வாங்கி, சுருக்கம் எடுத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைப்பான். "செயல்திறன் மேம்படுத்தப்பட்டது." "நிலைத்தன்மை மேம்படுத்தப்பட்டது." மடிப்புக் கலையாத வரிகள். தன் இஸ்திரியில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

யார் படிப்பார்கள் என்று அவன் கேட்டதில்லை. யாரும் படிப்பதில்லை என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

0.3

அந்த அறையிலேயே கெட்டிக்காரன் கமாவின் மச்சினன். அதாவது மனைவியின் தம்பி. ஏழு வயது இளையவன். எப்போதும் வேகமாக நடப்பான். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறுவான். ஆபீசில் 'மாமா', 'மாப்ள' என்று கூப்பிடக் கூடாது என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். நல்லபடியாக இருக்கிற நாளில் ஒப்பந்தம் செல்லும். கோபம் வந்தால் காற்றில் பறந்துவிடும்.

4.2 பதிப்புக்கு மச்சினன் ஒரு வரி அனுப்பினான்: "கடைசி நிமிஷத்துல ஸ்பேஸ் பாரை புத்திசாலி ஆக்கியாச்சு."

கமா படித்தான். ஸ்பேஸ் பார் என்றால் விசைப்பலகையின் அடியில் நீளமாகக் கிடக்குமே, அந்தக் கட்டை விசை. அதை அழுத்தினால் ஸ்கோர் போர்டில் கடிகாரம் நிற்கும். இத்தனை வருஷமாக அது செய்துவருவது அந்த ஒரு வேலைதான். அது எப்படிப் புத்திசாலி ஆகும்? எழுந்து போய்க் கேட்டிருக்கலாம். நாலே எட்டு தூரம். ஆனால் முந்தின ஞாயிற்றுக்கிழமை செஸ் விளையாடும்போது, தொட்ட காயைத்தான் நகர்த்த வேண்டும் என்று மச்சினனும், தொடவில்லை, நேராக வைத்தேன் என்று கமாவும் பெரிய சண்டை போட்டு, பலகை கவிழ்ந்து, அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. வலியப் போய்ப் பேசினால் தொட்டதை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

கமா வரியை இஸ்திரி போட்டான்: "விசைப்பலகைப் பயன்பாடு மேம்படுத்தப்பட்டது."

4.2 வெளியானது.

0.3.1

[ஒரு திருத்தம். முதல் எழுத்தில், அரங்கத்து மேசையில் நான் ஒரு வயதானவரை உட்காரவைத்திருந்தேன். தடித்த கண்ணாடி, லேசாகக் கை நடுக்கம். எழுதி முடித்துப் படித்ததும் எனக்கே உறுத்தியது. நடுங்குகிற கையைக் காட்டிவிட்டால், நடக்கப்போகிற தவறுக்கு அந்தக் கைதான் காரணம் என்று நீங்கள் நம்பிவிடுவீர்கள். கமாவும் தப்பித்துவிடுவான், நானும் தப்பித்துவிடுவேன். ஆகையால் அவரை எடுத்துவிட்டு, முப்பத்தாறு வயதான ஒரு விளையாட்டு டீச்சரை உட்காரவைத்திருக்கிறேன். பத்து வருஷமாக ஸ்கோர் மேசை. ஊசியில் நூல் கோக்கும் நிதானம். இவர் கைமேல் யாரும் பழி போட முடியாது.]

0.4

பள்ளிகளுக்கு இடையிலான பெண்கள் கூடைப்பந்து இறுதியாட்டம். பச்சைச் சட்டை அணிக்கும் நீலச் சட்டை அணிக்கும். அன்று காலை டீச்சரின் கணினி, "புதிய பதிப்பு தயார், போடட்டுமா?" என்று கேட்டது. டீச்சர் குறிப்பைப் படித்தார். விசைப்பலகைப் பயன்பாடு மேம்பட்டிருக்கிறது. நல்லதுதானே? "போடு" என்று அழுத்தினார்.

ஆட்டம் முழுக்க ஸ்பேஸ் பார் ஒழுங்காகவே இருந்தது. அழுத்தினால் கடிகாரம் நின்றது. மறுபடி அழுத்தினால் ஓடியது. கடைசி நிமிடம் வந்தது. நீலம் நாற்பத்திரண்டு, பச்சை நாற்பத்தொன்று. பதினொரு விநாடி மிச்சம். அப்போது ஒரு நீலச் சட்டையின் கையில் பட்டுப் பந்து கோட்டுக்கு வெளியே போனது. நடுவர் விசில் ஊதினார். டீச்சர் கடிகாரத்தை நிறுத்த ஸ்பேஸ் பாரை அழுத்தினார்.

ஸ்கோர் போர்டின் பஸ்ஸர் மூன்று முறை அலறியது. பலகையில் பெரிய எழுத்தில் வந்தது: ஆட்டம் முடிந்தது.

நீலச் சட்டைகள் பாய்ந்து வந்து தங்கள் கேப்டனைத் தூக்கிவிட்டார்கள். கூட்டம் எழுந்துவிட்டது. சிறப்பு விருந்தினருக்கு வேறொரு நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதால், கோப்பையை நின்றபடியே கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். பச்சை அணியிலேயே குள்ளமான பெண், 'பொடிசு' என்று கூப்பிடுவார்கள், கோட்டோரமாகப் பந்தைத் தலைக்கு மேல் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள். பந்தை உள்ளே எறிய வேண்டியது அவள்தான். "எறியட்டுமா சார்?" என்று நடுவரைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, பதினொரு விநாடி எங்கே என்று தேடி முடிப்பதற்குள் கோப்பை பஸ்ஸில் ஏறிவிட்டது.

மறுநாள் பள்ளி விளையாட்டுச் சங்கம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசியது. முடிவு: மிச்சமிருக்கும் பதினொரு விநாடி வரும் சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு விளையாடப்படும்.

[படித்துப் பார்த்த நண்பர், "பதினொரு விநாடிக்காக ரெண்டு பஸ்ஸா? நம்ப முடியலையே" என்றார். எனக்கும் முடியவில்லை. ஆனால் எழுதும்போது சிரித்துவிட்டேன், எடுக்க மனம் வரவில்லை.]

0.5

திங்கட்கிழமை காலை ஒரு கடிதம் வந்தது. குறிப்புகளின் அடியில், "கருத்துகளுக்கு" என்று ஒரு முகவரி இருக்கும். ஆறு வருஷத்தில் அந்த முகவரிக்கு வந்த முதல் கடிதம்.

"ஐயா அல்லது அம்மா,

4.2 பதிப்பின் குறிப்பில் 'விசைப்பலகைப் பயன்பாடு மேம்படுத்தப்பட்டது' என்று எழுதியிருந்தீர்கள். அந்த மேம்பாட்டை நானும் ஆயிரத்து இருநூறு பேரும் நேரில் கண்டோம். கோப்பை தவறான பஸ்ஸில் போனது. அல்லது சரியான பஸ்ஸில்தான் போனதோ என்னவோ, அதுவும் தெரியாமல் போனது. பத்து வருடமாக மேசையில் உட்காருகிறேன். என் விரல்தான் பிசகியது என்று சங்கத்தில் நால்வர் சொன்னார்கள். ஆறு நிமிடம் நானே அதை நம்பினேன்.

உங்கள் குறிப்புகளை ஒன்றுவிடாமல் படிப்பவள் நான். அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைப்பேன். 2.5 பதிப்பில் 'பஸ்ஸரின் ஒளி கூட்டப்பட்டது' என்றிருந்தது. ஒலி என்றிருக்க வேண்டும். அப்போதே சொல்ல நினைத்தேன்.

'டீச்சர், அந்த ஸ்பேஸ் பார்ல என்னதான் இருந்துச்சு?' என்று இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். எனக்கும் தெரிய வேண்டும்."

கமாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். சொல்ல வெட்கம்தான், ஆனால் அதுதான் வந்தது. படிக்கிறார்கள்! ஒருத்தர் படிக்கிறார்! அச்செடுத்துக் கண்ணாடிக்கு அடியில் வைக்கிறார்! ஒலியையும் ஒளியையும் ஞாபகம் வைத்திருக்கிறார்! எழுந்து ஜன்னல்வரை போனான், திரும்பி வந்தான், மறுபடியும் போனான். இரண்டாவது தடவை படித்தபோதுதான் "ஆறு நிமிடம் நானே அதை நம்பினேன்" என்ற வரி கண்ணில் பட்டது. 

நாலு எட்டு நடந்து மச்சினன் மேசைக்குப் போனான்.

"மாப்ள, ஸ்பேஸ் பாரை என்ன செஞ்ச?"

"ஆபீஸ்ல மாப்ள கெடையாதுன்னு நீங்கதான் சட்டம் போட்டீங்க."

கமா கடிதத்தை நீட்டினான். மச்சினன் படித்தான். எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும் அவன் கால் நின்றுவிட்டது.

"மாமா... கடைசி நிமிஷத்துல ஆளுங்க ஆட்டத்தை முடிக்கிற பட்டனைத் தேடிக்கிட்டு தடுமாறுறாங்க. நானே ஒரு தடவை பாத்தேன். அதான் கடைசி நிமிஷம் வந்ததும் பெரிய கட்டையை அழுத்தினா ஆட்டம் முடியற மாதிரி வெச்சேன். நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"நல்லதுக்குத்தான். ஆனா யார்கிட்டயும் சொல்லலையே."

"உங்ககிட்ட சொன்னேனே! வரி அனுப்பினேன்ல? அது என்ன புத்திசாலித்தனம்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

 இருவரும் அந்தக் கட்டை விசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அன்னிக்கு அந்தக் காயை நான் தொடலடா" என்றான் கமா.

"தொட்டீங்க மாமா."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபோதும் அந்தக் கடிதம் மேசைமேலேயே கிடந்தது.

0.6

மேலாளர் மென்மையாகப் பேசுகிறவர். அவர் குரல் எவ்வளவு தணிகிறதோ அவ்வளவு பயந்திருக்கிறார் என்று அர்த்தம். "வெள்ளிக்கிழமை 4.2.1 அனுப்பிடுவோம். ஸ்பேஸ் பார் பழையபடி ஆயிடும். குறிப்புல 'சிறு திருத்தங்கள்'னு போட்டா போதும்" என்றார். பக்கத்து மேசைக்கே கேட்கவில்லை.

கமா தன் மேசையில் உட்கார்ந்து, பழைய குறிப்புகள் நாற்பத்தேழையும் திறந்தான். 'மேம்படுத்தப்பட்டது' என்ற சொல் எத்தனை இடத்தில் வருகிறது என்று தேடினான். இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் கீழே வேறு என்னென்ன படுத்திருக்கிறதோ?

மூன்று நாள் மேசை மேசையாக அலைந்தான். "ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி 'காட்சியமைப்பு மேம்படுத்தப்பட்டது'ன்னு போட்டிருக்கேன். உண்மையா என்ன செஞ்சீங்க?" முதல் நாள் எல்லாரும் போலீஸ்காரனைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். ஒருவர் தலைவலி என்றார். ஒருவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

இரண்டாம் நாள், பலகையில் எழுத்தும் நிறமும் அமைக்கிற வரைகலைக்காரி வாய் திறந்தாள். அணியின் பெயர் நீளமாக இருந்தால் பலகையில் இடம் போதவில்லை என்று, பெரிய எழுத்தில் காட்டும்போது முதல் சொல்லை மட்டும் காட்டும்படி அவள் மாற்றியிருந்தாள். "பாதிப்பு எதுவும் இருக்காதுன்னு நினைச்சேன்" என்றாள். கமா, மென்பொருளை வாங்கியவர்களின் பட்டியலில் நீளமான பெயர்களைத் தேடினான். 'தோல்வி அறியாத் தோழியர்' என்று ஒரு பெண்கள் கைப்பந்துக் குழு இருந்தது.

"முதல் சொல் மட்டும்னா..." என்று இழுத்தான்.

வரைகலைக்காரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்றரை வருஷமாக அந்தக் குழு 'தோல்வி' என்ற பெயரில் விளையாடிக்கொண்டிருக்கிறது. பலகையில் 'தோல்வி வெற்றி பெற்றது' என்று எத்தனை தடவை வந்திருக்குமோ! அறை முழுக்கச் சிரித்துச் சிரித்து, ஹெட்போன்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்ன விஷயம் என்று கேட்டு, அவரும் சிரித்து, மூச்சு வாங்கும்போது, "நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

மூன்றாம் நாள் கமா எங்கும் அலையவில்லை. அவர்களே வந்து வரிசையில் நின்றார்கள். மறந்தது, மறைத்தது, சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டது எல்லாம் வெளியே வந்தது. ஒவ்வொன்றையும் எந்தப் பதிப்பு, என்ன மாறியது, இப்போது என்ன செய்ய வேண்டும் என்று மூன்றே வரியில் எழுதினான். இருநூற்றுப் பன்னிரண்டும் மூன்று நாளில் தீராது, நூற்று முப்பது தேறியது. தன் 'ஒளி'யையும் சேர்த்துக்கொண்டான்.

[இங்கே மேலாளரை வில்லனாக்கிவிட்டால் கதை சூடு பிடிக்கும் என்று ஒரு நாள் முயன்றேன். மேசையைக் குத்துவது, கதவை அறைவது எல்லாம் எழுதிப் பார்த்தேன். மனிதர் அந்தப் பக்கத்தில் நின்று, மெல்லிய குரலில், "நான் என்ன செஞ்சேன் சார்?" என்று கேட்டார். பயப்படுவது வில்லத்தனம் இல்லை. கிழித்துப் போட்டேன்.]

0.7

வெள்ளிக்கிழமை காலை, சமையலறை மேசை. கமாவின் மனைவி கண் மருத்துவமனையில் பார்வை சோதிப்பவள். எழுத்துப் பலகையின் முன் ஆளை உட்காரவைத்து, கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இதுல தெளிவா இருக்கா, இதுலயா?" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிறவள். டீயை வைத்துவிட்டு, அவன் எழுதிய இரண்டு தாள்களை வாங்கினாள்.

முதல் தாள்: "கடைசி நிமிட விசைப்பலகைச் செயல்பாடு தொடர்பான சிக்கல் ஒன்று சரிசெய்யப்பட்டது."

இரண்டாவது: "4.2 பதிப்பில், ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் ஸ்பேஸ் பாரை அழுத்தினால், கடிகாரம் நிற்பதற்குப் பதிலாக ஆட்டமே முடியும்படி மாற்றியிருந்தோம். அதை உங்களிடம் சொல்லவில்லை. 'மேம்படுத்தப்பட்டது' என்று மட்டும் எழுதினோம். இதனால் ஓர் இறுதியாட்டம் பதினொரு விநாடி முன்னதாகவே முடிந்தது. தவறு எங்களுடையது, மேசையில் இருந்தவருடையது அல்ல. 4.2.1 பதிப்பில் ஸ்பேஸ் பார் எப்போதும் கடிகாரத்தை மட்டுமே நிறுத்தும்."

"எதுல தெளிவா இருக்கு?" என்றான் கமா, அவள் தொழில் குரலிலேயே.

"முதல்ல ஒண்ணுமே தெரியல, புகையா இருக்கு. ரெண்டாவதுல என் தம்பி மூஞ்சி பளிச்சுன்னு தெரியுது."

"அதான் பயமா இருக்கு."

"தெரியட்டுமே. அவன் மூஞ்சி ஒண்ணும் அவ்வளவு மோசமில்ல." மறுபடியும் படித்தாள். "ஆமா, உங்க மூஞ்சி எங்க?"

கமா டீயைக் கீழே வைத்தான்.

"அவன் செஞ்சான், சரி. 'மேம்படுத்தப்பட்டது'ன்னு எழுதின கை யாரோடது? 'எழுதினோம், எழுதினோம்'னு அவனைப் பிடிச்சுக்கிட்டு பின்னாடி ஒளிஞ்சு நிக்கிறீங்களே."

கமா பேனாவை எடுத்து ஒரு வரி சேர்த்தான்: "மாற்றம் என்ன என்று கேட்டு எழுத வேண்டியவன், இந்தக் குறிப்புகளை எழுதுகிறவன், கேட்கவில்லை."

அவள் தாளைக் கையை நீட்டி எட்டப் பிடித்துப் பார்த்தாள். "இப்ப கடைசி வரிவரைக்கும் தெரியுது" என்றாள்.

0.8

மேலாளர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். கூடவே பழைய நூற்று முப்பதின் பட்டியலையும் புரட்டினார். குரல் முழுசாகவே போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது. எல்லாரும் குனிந்து கேட்டார்கள்.

"இதைப் பாத்தா வாங்கினவங்க எல்லாம் ஓடிடுவாங்க."

அப்போது மச்சினன் எழுந்தான். பதிப்பை வெளியே அனுப்புகிற பொத்தான் அவன் பொறுப்பு. "சார், இந்தக் குறிப்பு இல்லாம 4.2.1-ஐ நான் அனுப்ப மாட்டேன். வேணும்னா என் பேரையும் போட்டுக்குங்க."

"பேர் வேண்டாம்டா" என்றான் கமா.

"ஆபீஸ்ல டா கெடையாது மாமா" என்றான் மச்சினன்.

மேலாளர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கமா டீச்சரின் கடிதத்தை அவர் முன்னால் வைத்தான். "சார், 'சிறு திருத்தங்கள்'னு போட்டா இவங்க விடுவாங்களா? ரெண்டு வருஷமா ஒளியையே மறக்கல."

மேலாளர் கடிதத்தை அப்போதுதான் முழுதாகப் படித்தார். "ஆறு நிமிடம்" என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. கல்லூரியில் தானும் ஸ்கோர் மேசையில் உட்கார்ந்தவன்தான் என்றார், இந்த முறை கொஞ்சம் கேட்கும்படியாக. பிறகு, அந்த அறையில் யாரும் கேட்டிராத முழுக் குரலில், "அனுப்புங்க" என்றார்.

பழைய பட்டியலையும் சேர்த்தே அனுப்பினார்கள். மதியச் சாப்பாட்டுக்குள் அந்த முகவரிக்குக் கடிதங்கள் வர ஆரம்பித்தன. மாலைக்குள் பதினேழு. யாரும் ஓடவில்லை. "போன வாரம் எங்களுக்கும் இதேபோல் நடந்தது. என் கைதான் என்று நினைத்து மேசையை விட்டே விலகியிருந்தேன். நாளை திரும்பப் போகிறேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். தோல்வி அறியாத் தோழியர் எழுதியது ஒரே வரி: "இத்தனை நாள் எதிரணி எங்களைக் குறைத்து மதிப்பிட உதவியதற்கு நன்றி; இனி முழுப் பெயரையும் காட்டுங்கள், பார்த்துக்கொள்கிறோம்."

0.9

[டீச்சருக்கும் மச்சினனுக்கும் இடையில் நான் ஏதோ செய்யப்போகிறேன் என்று நீங்கள் சந்தேகப்படலாம். டீச்சருக்குக் கணவரும் இரண்டு பெண்களும் இருக்கிறார்கள். சந்தேகத்தைக் கைவிடவும்.]

சனிக்கிழமை நாலு மணி. அரங்கம் நிறைந்திருந்தது. போன வாரத்தைவிட அதிகக் கூட்டம். பதினொரு விநாடி ஆட்டத்தை யார்தான் தவறவிடுவார்கள்? இரண்டு அணிகளும் மூன்று மணியிலிருந்தே ஓடி, குதித்து, உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தன. நீலச் சட்டைகள் கோப்பையைத் திரும்பக் கொண்டுவந்து, நன்றாகத் துடைத்து, மேசையின் நடுவில் வைத்திருந்தார்கள். யாரும் அவர்களைக் கேட்கவில்லை, அவர்களாகவே செய்தது.

கமாவும் மச்சினனும் மேசைக்கு வந்தார்கள். டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்கதான் குறிப்பு எழுதறவரா? தடிச்ச கண்ணாடி போட்ட வயசானவரா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"ஒலிதான் டீச்சர். ஒளி இல்ல. மன்னிச்சிடுங்க."

"அதைப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன்" என்றார் டீச்சர். எதைச் சொல்கிறார் என்று கமாவுக்குப் புரிந்தது. அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் 4.2.1-இன் குறிப்பு இருந்தது. சங்கத்தின் நால்வரையும் அழைத்துவந்து அதைப் படிக்கவைத்தாராம். "சத்தமா" என்று சேர்த்துக்கொண்டார்.

பலகையில் 42, 41. கடிகாரத்தில் பதினொன்று. பொடிசு கோட்டோரம் போய், பந்தைத் தலைக்கு மேல் தூக்கினாள். போன வாரம் கேட்ட கேள்வியை மறக்காமல் கேட்டாள்: "எறியட்டுமா சார்?"

"எறிம்மா!" என்று அரங்கமே கத்தியது.

எறிந்தாள். பந்து ஒரு கை, இரண்டு கை மாறியது. ஒன்பது. எட்டு. நீலச் சட்டை ஒருத்தி குறுக்கே பாய்ந்தாள். பந்து அவள் விரல்நுனியில் பட்டு, எகிறி, கோட்டைத் தாண்டிப் போனது. விசில்.

டீச்சரின் விரல் இறங்கியது. கமா நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தான். மச்சினன் கண்ணை மூடிக்கொண்டான்.

கடிகாரம் நின்றது. நாலு விநாடி மிச்சம். அவ்வளவுதான், பஸ்ஸரும் இல்லை, எழுத்தும் இல்லை.  அப்புறம் எங்கோ பின்வரிசையில் ஒருவர் கைதட்ட, அது படிப்படியாக இறங்கிவந்து, பச்சைப் பக்கம், நீலப் பக்கம், ஆயிரத்துச் சொச்சம் பேரும் கைதட்டினார்கள். கடிகாரம் நின்றதற்கு! டீச்சர் எழுந்து, கூட்டத்தைப் பார்த்து லேசாகத் தலையைக் குனிந்துவிட்டு உட்கார்ந்தார்.

மறுபடியும் எறிதல். இந்தத் தடவை பந்து பொடிசிடமே திரும்பி வந்தது. கமா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று. இரண்டு. பொடிசு குதிப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஒன்று மிச்சம் இருக்கும்போதே பந்து அவள் கையை விட்டுப் போய்விட்டது. ஆகவே விழுந்தால் செல்லும். பூஜ்யம். பஸ்ஸர், வர வேண்டிய நேரத்தில், ஒரே ஒரு முறை.

கமா தலையைத் திருப்பியபோது வலை ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே போய் ஆடியதா, வெளியே உரசி ஆடியதா? பச்சையும் நீலமுமாக ஒரே குவியலாகக் கிடந்தார்கள். நடுவர் அந்தக் குவியலுக்கு அடியில் எங்கோ இருந்தார். கூச்சலில் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே கேட்டது.

"விழுந்துச்சா மாமா?" என்றான் மச்சினன்.

"நான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டிருந்தேன்டா! நீ?"

"நான் ஸ்பேஸ் பாரை!"

இருவரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் எண் விசைக்கு மேலே விரலை வைத்தபடி, வாழ்க்கையில் முதல்முறையாகத் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். அவரும் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மூவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. கமாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது.

[இந்தக் கதையின் 1.0 பதிப்பை இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில் விழுகிறது, பொடிசைத் தூக்குகிறார்கள். இன்னொன்றில் விழவில்லை, அப்போதும் தூக்குகிறார்கள். இரண்டையும் வெளியிடப்போவதில்லை. கமா பார்க்காததை நான் எழுதினால் அது இஸ்திரி போட்ட வரியாகிவிடும். ஆனால் நீங்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முதல் வரிசையில், கூடைக்கு நேர் எதிரே, பந்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள்.]

பலகையில் இன்னும் 42, 41. டீச்சர் உங்கள் பக்கம் திரும்புகிறார்.

"ஏங்க, நீங்க பாத்தீங்கல்ல? விழுந்துச்சா? சீக்கிரம் சொல்லுங்க, போடணும்."